அலாஸ்காவின் நியூடாக் ஊர் இடம்பெயர 30 வருஷம் ஆனது ஏன்? கடலோரப் பழங்குடி ஊர்கள் பற்றி விவரம் தேவை

தாழையடி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வாசிப்பு வட்டத்துக்காக, பருவநிலை மாற்றத்தால் அமெரிக்கக் கடலோரப் பழங்குடி ஊர்கள் படும் பாடு பற்றி ஒரு குறிப்பு தயாரிக்கிறேன். மேற்கு அலாஸ்காவில் நிங்லிக் ஆற்றங்கரையில் இருந்த நியூடாக் என்ற ஊரை, யூபிக் பழங்குடி மக்களின் ஊரை, மையமாக எடுத்திருக்கிறேன். மொத்தமே 350 பேர் அளவுதான். 1994இலேயே ஊர்ச் சபை இடம்பெயரத் திட்டமிட ஆரம்பித்துவிட்டது. கடைசிக் குடும்பங்கள் புது ஊரான மெர்டார்விக்குக்குப் போய்ச் சேர்ந்தது 2024இல். இரண்டு ஊருக்கும் நடுவே ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். அரிப்பு அவ்வளவு வேகமாக இருக்கக் காரணம் என்ன, நம்மூரில் செய்வதுபோல் கருங்கல் கொட்டித் தடுக்க முடியாதா? பணக்கார நாட்டில் 350 பேரை மாற்ற 30 வருஷம் எதில் போனது? இடம்பெயராத ஊர்களில் சாப்பாட்டு நிலைமை எப்படி, அதற்கு என்ன செய்கிறார்கள்? பொதுப்படையான கட்டுரைகள் நிறைய படித்துவிட்டேன். நடைமுறை விவரம்தான் வேண்டும்.

வடபுலம்:

முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

யூகான், குஸ்கோக்விம் ஆறுகளின் கழிமுகம் முழுக்க மெல்லிய வண்டல். அந்த வண்டலைப் பிடித்து நிறுத்தியிருப்பது உள்ளே இருக்கும் பனிக்கட்டிதான். சில இடங்களில் கன அளவில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகவே இருக்கும். இதைத்தான் பெர்மாஃப்ராஸ்ட், நிரந்தர உறைமண் என்கிறோம். அந்தப் பகுதியில் உறைமண்ணின் வெப்பநிலையே பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம்தான் கீழே. அதனால் சிறிய வெப்ப உயர்வுக்கே உருகிவிடும்.

கரை இடிவது இப்படி: அலை வந்து மோதும் மட்டத்தில், சற்றே சூடான நீர் கரையின் அடியைக் குடைகிறது. உள்நோக்கி ஒரு பள்ளம் விழுகிறது. மேலே புல்வேரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் மண் கொஞ்ச நாள் கூரைபோல நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகு அப்படியே பாளமாக ஆற்றில் விழும். விழுந்த பாளத்தில் பாதி பனிக்கட்டி என்பதால் உருகியதும் கரையடியில் தங்குவதற்கு மண் கொஞ்சம்தான் மிஞ்சும். சாதாரணக் கரையில் சரிந்த மண் அடியில் குவிந்து அடுத்த அலையைக் கொஞ்சம் தாங்கும். இங்கே அந்தப் பாதுகாப்பு கிடையாது. 1954 முதல் 2003 வரை நியூடாக் கரை சராசரியாக ஆண்டுக்கு 11 முதல் 25 மீட்டர் வரை பின்வாங்கியிருக்கிறது. 1996இல் நிங்லிக் ஆறு பக்கத்தில் இருந்த சின்ன நியூடாக் ஆற்றையே அரித்து உள்ளே வந்துவிட்டது. குப்பைமேடும் பிறகு படகுத்துறையும் அரிப்பில் போயின. சின்ன ஆற்றில் ஓட்டம் நின்றதால் ஊர்க் கழிவும் அங்கேயே தேங்க ஆரம்பித்தது.

இதோடு கடல் பனியும் சேர்கிறது. முன்பெல்லாம் இலையுதிர் காலப் புயல்கள் வரும்போது கரையை ஒட்டிப் பனி கட்டிக்கிடக்கும், அலை கரையைத் தொடாது. இப்போது பனி தாமதமாகக் கட்டுகிறது, அதே புயல் திறந்த நீரில் ஓடிவருகிறது. 2022 செப்டம்பரில் மெர்போக், 2025 அக்டோபரில் ஹாலோங் என்று இரண்டு சூறாவளிகளின் எச்சங்கள் இந்தக் கரையைத் தாக்கின. ஹாலோங்கில் கிப்னக், குவிகில்லிங்கோக் ஊர்களில் வீடுகள் அஸ்திவாரத்தை விட்டு மிதந்துபோயின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்ற வேண்டியிருந்தது, பலரை விமானத்தில் ஆங்கரேஜ் வரை கொண்டுபோனார்கள்.

கருங்கல் விஷயம். முதல் சிக்கல், அந்தக் கழிமுகத்தில் கல்லே கிடையாது. வடக்கே ஷிஷ்மரெஃப் என்ற தீவு ஊருக்குக் கல் கேப் நோம் குவாரியிலிருந்து பார்ஜில், அதாவது தட்டையான சரக்குப் படகில், வர வேண்டும், அதுவும் கடல் உருகியிருக்கும் சில மாதங்களுக்குள். ஒழுங்கான தடுப்பு என்றால் அடியில் மண்ணை நிறுத்தி நீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி, மேலே சிறு கல் வடிகட்டி அடுக்கு, அதற்கு மேல்தான் பெரிய கல். அடிவாரம் கடற்படுகைக்குள் இறங்கியிருக்க வேண்டும். இதில் ஒன்றைக் குறைத்தாலும் என்ன ஆகும் என்பதற்கு அதே வடக்குப் பக்கம் உள்ள கிவலினா ஊரைப் பாருங்கள். 2006இல் அங்கே கம்பிக்கூடைகளில் மணல் நிரப்பிச் சுவர் எழுப்பினார்கள். அந்த இலையுதிர் காலத்திலேயே புயல் வந்து மெல்லிய மணலை உருவிக்கொண்டு போய்விட்டது, கூடைகள் சரிந்தன. பிறகு ராணுவப் பொறியாளர் படை முறையான கல் தடுப்பு கட்டியது, அது நிற்கிறது.

இரண்டாவது, சுவர் முடியும் இடம். அலையின் வேகம் சுவர் ஓரத்தில் திரும்பி அடுத்துள்ள வெற்றுக் கரையைத் தின்னும். நம்மூரில் தூண்டில் வளைவுக்கு வடக்கே கரை போவதும் மணல் வரத்து தடைபடுவதால்தான். அதனால் ஒரு பகுதியை மட்டும் காப்பது பல நேரம் அடுத்த வீட்டுக்காரருக்குச் செலவு வைப்பதுதான். மூன்றாவது, கல் தடுப்பு அலையைத் தடுக்கும், உருகுவதைத் தடுக்காது. பின்னால் உள்ள தரை இறங்கிக்கொண்டே போகும்.

தாழையடி:

மிக்க நன்றி. தரையையே உறைய வைக்கும் குழாய்கள் பற்றிப் படித்தேன், தெர்மோசைஃபன். அதைக் கரை நெடுகப் பதிக்க முடியாதா?

வடபுலம்:

முடியாது. தெர்மோசைஃபன் என்பது மூடிய உலோகக் குழாய், உள்ளே அழுத்தத்தில் கரியமில வாயு. குளிர்காலத்தில் தரையை விடக் காற்று குளிர்ந்திருக்கும்போது, கீழே திரவம் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறும், காற்றில் இருக்கும் தகடுகளில் குளிர்ந்து மறுபடி கீழே வழியும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. ஆனால் ஒரு குழாய் தன்னைச் சுற்றிச் சில மீட்டர் மண்ணைத்தான் குளிர்விக்கும். கோடையில் வேலையே செய்யாது. கரையில் அந்தச் சில மீட்டரை ஆறு ஒரே பருவத்தில் எடுத்துவிடும். வாயு கசிந்தால் வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, தரை இறங்கிய பிறகுதான் தெரியும். பள்ளிக்கூடம், எரிபொருள் தொட்டி மாதிரிக் கட்டடங்களுக்குக் கீழேதான் இது பொருத்தம்.

வீடுகளுக்கு வேறு வழி. தரையில் தொடாமல் தூண்கள் மேல் தூக்கிக் கட்டி, அடியில் குளிர்காற்று ஓட விடுவது. தூணுக்குத் தூண் திருகி உயர்த்தும் ஜாக் இருக்கும். தரை இறங்க இறங்க மட்டம் வைத்துத் திருக வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் முதலில் கதவு சிக்கும், பிறகு சுவர்ப் பலகை விரியும், கடைசியில் குழாய் இணைப்பு விட்டுப்போகும். அடியில் சாமான் அடைத்து வைப்பதும், காற்றுத் திசைக்குக் குறுக்கே வேலி போடுவதும் கூடாது. பனி குவிந்தால் அது போர்வை. குளிர்காலக் குளிர் மண்ணுக்குள் இறங்காது, அடுத்த கோடையில் தரை இன்னும் ஆழமாக உருகும்.

கோப்புக்கட்டு:

இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். 30 வருஷம் போனதற்குத் தொழில்நுட்பம் பெரிய காரணமில்லை. எந்த விதிக்குள்ளும் அந்த ஊர் அடங்கவில்லை என்பதுதான் காரணம்.

பேரிடர் நிவாரணம் தரும் ஸ்டாஃபோர்ட் சட்டம் புயல், வெள்ளம், நிலநடுக்கம் மாதிரி ஒரு தேதியில் நடந்த நிகழ்வை நினைத்து எழுதப்பட்டது. ஆண்டுக்கு 20 மீட்டர் கரை போவது நிகழ்வாகக் கணக்கில் வராது. 2016 கடைசியில் நியூடாக் இதையே பேரிடராக அறிவிக்கச் சொல்லி விண்ணப்பித்தது. 2017 ஜனவரியில் மறுத்துவிட்டார்கள். உருகுதல், வெள்ளம், அரிப்பு மூன்றும் சேர்ந்து தரை சரிவதை யூபிக் மக்கள் உஸ்டெக் என்பார்கள். அலாஸ்கா மாநிலம் தன் பேரிடர்த் தணிப்புத் திட்டத்தில் அதைத் தனி ஆபத்தாகச் சேர்த்தது இந்த ஓட்டையை அடைக்கத்தான். பட்டியலில் இல்லாத ஆபத்துக்கு நிதி கேட்க வழியில்லை.

அடுத்தது செலவு-பலன் கணக்கு. புது ஊர் அமைக்க 8 கோடி முதல் 13 கோடி டாலர் ஆகும் என்று ராணுவப் பொறியாளர் படை மதிப்பிட்டது. 350 பேருக்கு வகுத்தால் தலைக்கு இரண்டே கால் லட்சத்துக்கு மேல். காப்பாற்றப்படும் சொத்தின் சந்தை விலையோடு இதை ஒப்பிட்டால் எந்தச் சின்ன ஊரும் தேறாது. மீன்பிடி, சீல் வேட்டை, பெர்ரி பொறுக்குவதில் வரும் உணவுக்கு அந்தக் கணக்கில் விலையே போடுவதில்லை. ஊர்ப் பங்காக ஒரு பகுதியை ரொக்கமாகக் கட்டச் சொல்லும் திட்டங்களும் உண்டு. வரி வருமானம் இல்லாத ஊர் அதை எங்கிருந்து கொடுக்கும்?

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் கொடுமையானது வரிசைச் சிக்கல். ஆளில்லாத இடத்தில் பள்ளிக்கூடமும் விமான ஓடுதளமும் கட்ட நிதி தர மாட்டார்கள். பள்ளிக்கூடமும் ஓடுதளமும் இல்லாத இடத்துக்கு மக்கள் எப்படிப் போவார்கள்? அதே நேரத்தில் ‘நீங்கள்தான் போகப்போகிறீர்களே’ என்று பழைய ஊரில் பழுது பார்க்கவும் பணம் வராது. இரண்டு பக்கமும் கதவு அடைத்தபடிதான் வருஷங்கள் போயின.

நடந்த வரிசையை உங்கள் குறிப்பில் தேதியோடு போடுங்கள். 1949வாக்கில் அந்த இடத்தில் ஊர் அமைந்தது, அரசு கட்டிய பள்ளிக்கூடத்தைச் சுற்றித்தான் நிலைத்தது. அதற்கு முன் பருவத்துக்குப் பருவம் இடம் மாறி வாழ்ந்தவர்கள். 2003இல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் வனவிலங்குச் சரணாலய நிலத்தோடு மாற்று ஒப்பந்தம் ஆகி, நெல்சன் தீவில் மெர்டார்விக் கிடைத்தது. 2006இல் மாநில, மத்திய முகமைகளும் ஊர்ச் சபையும் ஒரே மேஜையில் உட்கார நியூடாக் திட்டக்குழு அமைந்தது. 2009இல் பார்ஜ் துறை. நடுவில் ஊர்ச் சபைத் தலைமை யாருக்கு என்ற தகராறில் சில ஆண்டுகள் நிதி நின்றது, இதையும் மறைக்காமல் எழுதுங்கள். 2018இல் நாடாளுமன்றம் அலாஸ்காவுக்கான மத்திய முகமையான டெனாலி ஆணையம் வழியாக 1.5 கோடி டாலர் ஒதுக்கியதும் வேலை வேகம் பிடித்தது. 2019 அக்டோபரில் ஊரில் மூன்றில் ஒரு பங்கினர் குடியேறினார்கள். 2022 நவம்பரில் நியூடாக், அலாஸ்காவின் இன்னொரு ஊரான நபாகியாக், வாஷிங்டன் மாநிலத்தின் குவினால்ட் பழங்குடி ஆகிய மூன்றுக்கும் தலா 2.5 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது.

பாதி ஊர் அங்கே, பாதி ஊர் இங்கே என்றிருந்த அந்த ஐந்து வருஷம் தனிச் சுமை. இரண்டு ஜெனரேட்டர், இரண்டு எரிபொருள் கையிருப்பு, இரண்டு பள்ளி. மாநில விதிப்படி 10 மாணவர்களுக்குக் கீழே போனால் பள்ளி நிதி அடிபடும். கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிவண்டி. ஆனால் ஆறு உறைய ஆரம்பிக்கும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் இரண்டுமே ஓடாது. நோயாளியை மாற்றுவதற்கு இந்த இடைவெளிதான் ஆபத்து.

நீரோட்டம்:

கோப்புக்கட்டு சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் மெர்டார்விக்கை வெற்றிக் கதையாக எழுதிவிடாதீர்கள். தரை நல்ல தரை, எரிமலைப் பாறை, உயரமான இடம், ஊற்று நீர் உண்டு. அந்தப் பாறையையே உடைத்துச் சாலைக்குப் போட முடிந்தது. ஆனால் வீடுகளில் பல குறைகள். பல வீடுகளுக்குக் குழாய் நீர் வரவில்லை, கழிவை இன்னும் வாளியில்தான் எடுத்துப் போகிறார்கள். புது வீடுகளிலேயே மின்னிணைப்பு, அடித்தளக் கோளாறுகள் செய்தியாக வந்தன. காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டிய வீட்டில் பத்துப் பேர் இருந்து, ஈரத் துணி உலர்த்தி, மின்கட்டணத்துக்குப் பயந்து காற்றோட்ட விசிறியை நிறுத்தினால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். அதைக் குடியிருப்பவர் குற்றம் என்று சொல்வது அநியாயம். மின்சார விலையைக் கணக்கில் எடுக்காத வடிவமைப்பு அது.

இன்னொன்று, எல்லா ஊரும் இடம்பெயரப் போவதில்லை. ஷிஷ்மரெஃபில் 2002இலும் 2016இலும் வாக்கெடுப்பு நடந்தது. 2016இல் 89க்கு 78 என்று இடம்பெயரும் பக்கம் வந்தது. ஊர் இன்னும் சாரிசெஃப் தீவில்தான் இருக்கிறது, கல் தடுப்பை நம்பி. கிவலினா நடுவழி எடுத்தது. கழியைக் கடந்து மேட்டுக்குப் போகப் பாலத்தோடு கூடிய வெளியேறும் சாலை 2020வாக்கில் முடிந்தது, சாலை முனையில் புதுப் பள்ளிக்கூடம். புயல் வந்தால் ஓட இடம் இருக்கிறது, வீடுகள் மெதுவாகப் பின்னால் வரலாம். நபாகியாக் ஆற்றோரக் கட்டடங்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. சறுக்குச் சட்டத்தின் மேல் வீடு கட்டியிருந்தால் குளிர்காலத்தில் தரை இறுகியபின் இழுத்துவிடலாம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதை மூன்றாவது கேள்வியாக வைத்திருக்கிறீர்கள், அந்த ஊர்களில் இதுதான் முதல் கேள்வி. வடமேற்கு அலாஸ்காவின் கோட்ஸெபு ஊரின் பழங்குடிச் சபையும் விஞ்ஞானிகளும் சேர்ந்து செய்த ஆய்வில், தாடி சீல் வேட்டைக் காலம் 2003 முதல் 2019 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் வீதம் குறைந்தது தெரிந்தது. சீல்கள் இருக்கின்றன. அவை ஏறிப் படுக்கும் பனித்தகடுகள் சீக்கிரம் கரைந்துபோவதால் வேட்டை முன்கூட்டியே முடிகிறது. வடக்குக் கரையில் உறைமண்ணில் தோண்டிய இறைச்சி நிலவறைகளில் சுவர் கசிந்து நீர் தேங்குகிறது. உள்ளே வெப்பம் உறைநிலைக்கு மேல் ஏறினால் திமிங்கல இறைச்சி கெடும். மின் உறைபெட்டிக்கு மாறலாம், ஆனால் கொள்ளளவும் போதாது, டீசல் மின்சாரமும் கட்டாது.

தென்கிழக்கு அலாஸ்காவில் மட்டி. கடல் சூடானால் அலெக்ஸாண்ட்ரியம் என்ற நுண்பாசி பெருகும், அதன் நஞ்சு சாக்ஸிடாக்ஸின் மட்டியின் சதையில் சேரும். வேகவைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது. தண்ணீர் நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உதடு, விரல் நுனி மரத்துப்போவதில் ஆரம்பித்து மூச்சுத் தசை வரை செயலிழக்கும். முறிமருந்து இல்லை, செயற்கைச் சுவாசம் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். பட்டர் கிளாம் என்ற வகை இந்த நஞ்சை இரண்டு ஆண்டு வரைகூட வைத்திருக்கும். அதனால் ‘பாசிப் பருவம் முடிந்துவிட்டது’ என்பது பாதுகாப்பு ஆகாது.

வணிக மட்டியை அரசு சோதிக்கிறது, வீட்டுக்குப் பொறுக்கும் மட்டியைச் சோதிக்க ஆளில்லை. இந்த இடைவெளியை அந்தப் பகுதியின் சிட்கா ஊரிலுள்ள பழங்குடி அரசே ஆய்வகம் அமைத்து நிரப்பியது. பல ஊர்ப் பழங்குடி அரசுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. கரையில் சின்னக் கண்ணி வலையை இழுத்து நுண்பாசி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது ஒரு வேலை, மட்டியைக் குளிரில் வைத்துச் சிட்காவுக்கு அனுப்புவது இன்னொன்று. 100 கிராம் சதையில் 80 மைக்ரோகிராமைத் தாண்டினால் எச்சரிக்கை. இரண்டிலும் விட்டுவிட்டு எடுத்தால் பயனில்லை. ஒரே கடற்கரையில் வாரத்துக்கு வாரம் அளவு மாறும், ஒரே நாளில் பக்கத்துக் கடற்கரையிலும் மாறும். ஒரு கடற்கரையின் முடிவை அடுத்த கடற்கரைக்குப் பயன்படுத்தவே கூடாது.

தாழையடி:

தெற்கே, வாஷிங்டன் பக்கம் மட்டித் தோட்டம் என்று ஏதோ கட்டுகிறார்களாமே?

நீரோட்டம்:

ஆமாம், ஸ்வினோமிஷ் மக்கள். 2010லேயே தகவமைப்புத் திட்டம் வெளியிட்ட பழங்குடி அரசு அது. 2022இல் தங்கள் கடற்கரையில் மட்டித் தோட்டம் கட்டினார்கள், அமெரிக்காவில் நவீன காலத்தில் முதல் முறை. முறை பழையது. கனடாவின் குவாட்ரா தீவில் 3,500 ஆண்டுப் பழைய தோட்டங்கள் கிடைத்திருக்கின்றன. கடல் மிகவும் வற்றும் நேரத்தில், தாழ்நீர்க் கோட்டை ஒட்டிக் கற்களை வரிசையாக உருட்டி முட்டியளவு சுவர் வைப்பார்கள். சுவருக்குப் பின்னால் மணலும் உடைந்த சிப்பியும் படிந்து, சரிவாக இருந்த கரை சமதளமாகும். மட்டி நன்றாக வளரும் உயரத்தில் இருக்கும் தரை அதனால் அகலமாகிறது. குவாட்ராவில் ஒப்பிட்டுப் பார்த்ததில் சுவர் உள்ள கரையில் பட்டர் கிளாம் நான்கு மடங்கு, லிட்டில்நெக் என்ற இன்னொரு மட்டி வகை இரண்டு மடங்கு இருந்தது.

சுவரின் உயரம்தான் உயிர். அதிக உயரம் வைத்தால் மேடு நெடுநேரம் வெயிலில் காயும். 2021 ஜூன் வெப்ப அலை நடுப்பகல் வற்றோடு சேர்ந்து வந்தபோது வாஷிங்டனுக்கும் கனடாவுக்கும் இடையிலான சேலிஷ் கடலில் கரையோர உயிர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. குறைவாக வைத்தால் மணல் நிற்காது. கல்லுக்குள் சாந்து பூசக் கூடாது, நீர் உள்ளே வந்து போக வேண்டும். அவ்வப்போது மண்ணைக் கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் சேறு இறுகி மட்டி மூச்சு முட்டும். கடல் மட்டம் உயர உயரச் சுவரில் கல் சேர்த்துக்கொண்டே போகலாம். கான்கிரீட் சுவரை அவ்வளவு எளிதாக உயர்த்த முடியாது.

கோப்புக்கட்டு:

தாழையடி, ஒரு விஷயம் விட்டுப்போனது. அங்கீகாரம். நியூடாக்குக்கு மத்திய அரசு அங்கீகாரம் பெற்ற பழங்குடிச் சபை இருந்தது, அதனால் நேரடியாக நிதி கேட்க முடிந்தது. லூசியானாவில் ஐல் டி ஜீன் சார்ல்ஸ் என்ற தீவு 1955க்குப் பிறகு தன் நிலத்தில் 98 சதவீதத்தை இழந்தது. 2016இல் மத்திய வீட்டுவசதித் துறை 4.83 கோடி டாலர் கொடுத்தது. ஆனால் அங்கிருந்த சாக்டா மக்களின் சபைக்கு மத்திய அங்கீகாரம் இல்லாததால் பணம் மாநிலத்தின் கையில் போனது. சிதறிப்போன தங்கள் மக்களை ஒரே இடத்தில் திரும்பச் சேர்ப்பதற்காகச் சபை எழுதிய திட்டம், தனித்தனிக் குடும்பங்களுக்கு வீடு தரும் திட்டமாக மாறிவிட்டது. 2022இல் 65 கிலோமீட்டர் வடக்கே வீடுகள் கிடைத்தன. 2023 கடைசியில் சபை இதை எதிர்த்து முறைப்படி புகார் செய்தது. வாசிப்பு வட்டத்தில் இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள்.

வடபுலம்:

பழைய ஊரை என்ன செய்வது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பலர் எழுதுவதில்லை. கரை வந்து சேருவதற்குள் டீசல் தொட்டிகளைக் காலி செய்து கழுவி எடுக்க வேண்டும். மின்கலங்கள், ஜெனரேட்டர் எண்ணெய், பழைய கட்டடங்களின் கல்நார், கழிவு கொட்டிய குழிகள், எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் போட வேண்டும். கனமானதைத் தரை இறுகியிருக்கும் மார்ச், ஏப்ரலில் இழுத்துத் துறையோரம் வைத்து, கோடை முதல் பார்ஜில் ஏற்றுவதுதான் நடைமுறை. கோடையில் செய்யப் போனால் வண்டி சேற்றில் இறங்கும். கல்லறை இருந்தால் கரை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஆண்டுதோறும் அளந்து, குடும்பங்களிடம் முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும். அந்த வேலைக்கென்று தனி நிதித் தலைப்பு கிடைப்பது அரிது. அதனால் இடப்பெயர்வு மதிப்பீட்டிலேயே ஆரம்பத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுவது நல்லது.